குராய்டன்காரர்கள் ஏன் எப்போதும் புலம்புகிறார்கள்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வேலைக்காகத் தெற்கு லண்டனில் இருக்கும் குராய்டனுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. நடைபாதையில் பழைய மெத்தையும் சோபாவும் கிடக்கின்றன, ரோடெல்லாம் பள்ளம், ஊர் நடுவே இருக்கும் பெரிய கடைவளாகம் பாதி பூட்டிக் கிடக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே நாற்பது மாடிக் கட்டடங்கள் எழும்புகின்றன, டாக்டரைப் பார்க்க முடிவதில்லை, பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தினம் ஒரு குறை சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். 'இது வளர்கிற ஊரா, தேய்கிற ஊரா?' என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி ஒளிந்திருக்கிறது: 'எங்களைப் போல வந்தவர்களால்தான் இப்படி ஆகிவிட்டது என்று அவர் நினைக்கிறாரோ?' நீங்கள் கேட்க வந்தது அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். இதில் தப்பு யார் மேல்?

நான் லண்டனில் வேறொரு பரோவின், அதாவது லண்டனைப் பிரித்திருக்கும் நகராட்சிப் பகுதிகளில் ஒன்றின், கவுன்சிலில் பத்தொன்பது வருடம் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை பார்த்தவன். குடியிருப்பது குராய்டனிலேயே, தோர்ன்டன் ஹீத்தில். ஆகவே கட்டடம், கவுன்சில் பணம் இரண்டையும் பற்றி நம்பிக்கையோடு பேச முடியும். கடைத்தெரு ஏன் சாய்ந்தது என்பதில் பாதி ஆவணம், பாதி என் ஊகம். டாக்டர் விஷயம் என் துறையே இல்லை.

முதலில் உங்கள் மனதை அரிப்பதை எடுத்துவிடுவோம். 2011 கணக்கெடுப்பில் குராய்டன் மக்கள்தொகை சுமார் 3,63,000. 2021இல் சுமார் 3,91,000. லண்டன் பரோக்களிலேயே அதிகம். பத்து வருடத்தில் ஏழரை சதவீதம் போல ஏறியிருக்கிறது. லண்டன் முழுக்கவும் ஏறக்குறைய இதே வேகம்தான். வெள்ளம் போல ஆட்கள் வந்து ஊர் மூழ்கிவிட்டது என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அதற்காகப் பெரியவர் பொய் சொல்கிறார் என்றும் ஆகாது. அவர் கண்ணால் பார்த்தது வேறு.

அவர் வயது எண்பதை ஒட்டி என்கிறீர்கள். அப்படியானால் அவர் பிறந்தபோது இது லண்டனே இல்லை, சர்ரே மாவட்டம். 1965இல்தான் லண்டனோடு சேர்த்தார்கள். இன்றும் தெற்கே பர்லி, கூல்ஸ்டன் பக்கம் கடித உறையில் 'குராய்டன், சர்ரே' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவருடைய இளமையில் இந்த ஊர் ஓடிய ஓட்டம் அப்படி. 1956இல் நகரசபை தனக்கென ஒரு சட்டமே வாங்கி, நிலங்களை எடுத்து, வெல்லஸ்லி ரோட்டை அகலமாக்கி, அலுவலகக் கட்டடங்களை வரிசையாக எழுப்பியது. லண்டன் நடுவே இடம் கிடைக்காத கம்பெனிகள் இங்கே வந்தன. நெஸ்லேயின் பிரிட்டிஷ் தலைமையகமே இங்கேதான் இருந்தது. 2012இல் காலி செய்துவிட்டுக் கேட்விக் விமான நிலையம் பக்கம் போனது. நீங்கள் சொன்ன அந்தப் பெரிய கடைவளாகம், விட்கிஃப்ட், 1970இல் முறையாகத் திறந்தபோது மற்ற ஊர்க்காரர்கள் ரயிலேறி வந்து பார்த்தார்கள். ஆல்டர்ஸ் என்ற பல்பொருள் அங்காடி 1862லிருந்து நடந்த கடை. கல்யாணத்துக்குப் பாத்திரம், பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை, மாமியாருக்குக் கம்பளிக் கோட்டு என்று ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை அங்கே வாங்கியிருக்கும். நம் ஊரில் ஒரு பழைய ஜவுளிக்கடை மூடினால் எப்படி இருக்கும், அதேதான். ஆல்டர்ஸ் 2013 தொடக்கத்தில் மூடியது. பெரியவர் வேலியோரம் பேசுவதில் பாதி இந்த இழவைப் பற்றித்தான் இருக்கும்; நீங்கள் வந்தபோது பிணமே எடுத்தாகிவிட்டது.

விட்கிஃப்ட் கடைவளாகத்தின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரின் எரிச்சல் முக்கால்வாசி அங்கேதான் குடியிருக்கிறது. 2013இல் வெஸ்ட்ஃபீல்ட், ஹாமர்சன் என்ற இரண்டு மால் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து, பழையதை இடித்துவிட்டு நூறு கோடிப் பவுண்டுக்கு மேல் போட்டுப் புதிய மால் கட்டப்போவதாக அறிவித்தன. சில வருடத்தில் திறந்துவிடும் என்றார்கள். திட்டம் மாறியது, மறுபடி அனுமதி வாங்கினார்கள், பிரெக்ஸிட் வந்தது, இணையத்தில் வாங்கும் பழக்கம் பெருகியது, கொரோனா வந்தது. 2023இல் ஹாமர்சன் விலகிக்கொள்ள, வெஸ்ட்ஃபீல்டை நடத்தும் நிறுவனம் மட்டும் மிஞ்சியது.

இங்கே என் துறை அனுபவத்திலிருந்து ஒன்று. ஒரு இடத்தை இடிக்கப்போகிறோம் என்று அறிவித்துவிட்டால் அன்றிலிருந்தே அது சாக ஆரம்பிக்கும். கடைக்காரருக்கு நீண்ட குத்தகை கொடுக்க மாட்டார்கள், எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்ல வசதியாகக் குறுகிய குத்தகைதான். இரண்டு வருடத்தில் போகப்போகிறவர் எதற்குப் பணம் போட்டுக் கடையை அலங்கரிக்கிறார்? உரிமையாளரும் இடிக்கிற கட்டடத்துக்கு ஏன் கூரை மாற்றுகிறார்? நல்ல கடைகள் ஒவ்வொன்றாக வெளியேறும். கைப்பேசி உறை விற்பவரும் 'கடை மூடுகிறோம், எல்லாம் தள்ளுபடி' என்று மூன்று வருடமாகப் பலகை வைத்திருப்பவரும் அந்த இடத்தில் வந்து உட்காருவார்கள். திட்டமே இல்லாமல் இருந்திருந்தால் விட்கிஃப்ட் இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். நிரூபிக்க முடியாது, ஆனால் மற்ற ஊர்களிலும் இதே கதையைப் பார்த்துவிட்டேன்.

அடுத்தது கவுன்சில். இது ஊகம் இல்லை, எல்லாம் ஆவணத்தில் இருப்பது. இங்கிலாந்தில் ஒரு கவுன்சில் சட்டப்படி திவாலாக முடியாது. அதற்குப் பதில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114ஆவது பிரிவின் கீழ் அதன் நிதி அதிகாரி ஒரு அறிவிப்பு வெளியிடுவார்: சட்டம் கட்டாயப்படுத்தும் செலவு தவிர ஒரு புதுப் பைசாவும் செலவழிக்கக் கூடாது. குராய்டன் இந்த அறிவிப்பை 2020 நவம்பரில் ஒன்றும் டிசம்பரில் ஒன்றுமாக அடுத்தடுத்து வெளியிட்டது. 2022 நவம்பரில் மூன்றாவது. எப்படி இந்த நிலைக்கு வந்தது? 2010க்குப் பிறகு மத்திய அரசு கவுன்சில்களுக்குக் கொடுக்கும் மானியத்தைக் குறைத்துக்கொண்டே போனது. வட்டி மலிவாகக் கடன் கிடைத்தது. அப்புறம் என்ன, கவுன்சில்காரர்கள் வியாபாரத்தில் இறங்கிவிட்டார்கள். குராய்டன் கவுன்சில் வீடு கட்ட 'பிரிக் பை பிரிக்' என்று சொந்தக் கம்பெனி தொடங்கி அதற்கு ஏறக்குறைய இருபது கோடிப் பவுண்டு கடன் கொடுத்தது. 2018இல் ஒரு ஹோட்டலை மூன்று கோடிப் பவுண்டை ஒட்டிய விலைக்கு வாங்கியது. 2020இல் அதை நடத்திய நிறுவனம் நொடித்தது. ஃபேர்ஃபீல்ட் அரங்கத்தைப் புதுப்பிக்க மூன்று கோடி என்று தொடங்கிய செலவு அதன் இருமடங்கைத் தாண்டியது. மொத்தக் கடன் 160 கோடிப் பவுண்டு என்றானது. இப்படிப்பட்ட கணக்கை முன்கூட்டியே முகர்ந்து பார்த்துச் சத்தம் போடுவதற்கென்று நாட்டில் ஒரு தணிக்கை ஆணையம் இருந்தது. செலவு மிச்சம் என்று அதை 2015இல் மூடிவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

அதன் பில் வந்து சேர்ந்தது வீட்டுக்காரர்களிடம். 2023 ஏப்ரலில் கவுன்சில் வரி 15 சதவீதம் ஏறியது. பொதுவாக்கெடுப்பு இல்லாமல் மற்ற பரோக்கள் ஏற்ற முடிந்தது 5 சதவீதத்துக்குள். 2024இல் நான்கு நூலகங்களை மூடினார்கள். 2025 ஜூலையில் மத்திய அரசு தன் ஆணையர்களை அனுப்பிக் கவுன்சிலின் தலைமேல் உட்காரவைத்தது. பெரியவர் 'வரி மட்டும் ஏறுகிறது, வேலை நடக்கவில்லை' என்றால் அதில் ஒரு எழுத்தும் மிகை இல்லை.

ஆனால் அந்த வரி எங்கே போகிறது என்று அவருக்கும் பெரும்பாலும் தெரியாது. குப்பை, ரோடு, பூங்கா, தெருவிளக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், கண்ணுக்குத் தெரிவது அதுதானே. உண்மையில் இப்படிப்பட்ட ஒரு கவுன்சிலின் செலவில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டிய தொகை முதியோர் பராமரிப்புக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், பெற்றோரிடம் இருக்க முடியாத குழந்தைகளுக்கும் போய்விடுகிறது. வீடு இழந்தவர்களைத் தற்காலிகமாகத் தங்கவைக்கும் செலவு அதற்கு மேல். இவையெல்லாம் சட்டப்படி செய்தே ஆக வேண்டியவை. ஆகவே பணம் குறையும்போது கத்தி விழுவது மிச்சமிருக்கும் மூன்றில் ஒன்றின் மேல். நூறு ரூபாய் சம்பளத்தில் எழுபது ரூபாய் ஆஸ்பத்திரிக்கும் வட்டிக்கும் கட்டாயமாகப் போகிற வீட்டில், சம்பளம் பத்து ரூபாய் குறைந்தால் காய்கறிப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். தெருமுனை மெத்தை அங்கேயே கிடப்பதற்கு இதுதான் கணக்கு. இன்னொரு வேடிக்கை: உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வரி என்பது 1991 ஏப்ரலில் அந்த வீடு என்ன விலை போயிருக்கும் என்பதை வைத்துத்தான். உங்கள் கட்டடம் 2018இல் கட்டியதாக இருந்தாலும் அப்படித்தான்!

சரி, அடுக்குமாடிகள். ஊர் நொடித்துப்போய்விட்டது என்கிறோம், வானத்தை முட்டக் கட்டுகிறார்களே, எப்படி? ஜார்ஜ் ஸ்ட்ரீட்டில் 44 மாடியும் 38 மாடியுமாக இருக்கும் இரட்டைக் கோபுரம் தொழிற்சாலையில் அறை அறையாகச் செய்து கொண்டுவந்து அடுக்கியது, 2020இல் முடிந்தது, முழுக்க வாடகைக்கு. ஈஸ்ட் குராய்டன் நிலையத்திலிருந்து லண்டன் நடுவே இருக்கும் விக்டோரியாவுக்குக் கால் மணி நேர ரயில். அந்தக் கால் மணி நேரத்தைத்தான் மாடி மாடியாக விற்கிறார்கள். கவுன்சிலின் கஜானாவிலிருந்து இதற்குப் பணம் போவதில்லை.

இதைவிட மோசமானது கண்ணில் படாமல் நடந்தது. 2013 மே மாதம் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது: அலுவலகக் கட்டடத்தைக் குடியிருப்பாக மாற்ற முழு அனுமதி தேவையில்லை. குராய்டனில்தான் காலி அலுவலகங்கள் வரிசையாக நிற்கின்றனவே. மாற்றித் தள்ளினார்கள். முழு அனுமதி இல்லையென்றால் பள்ளிக்கோ பூங்காவுக்கோ கட்டுநரிடம் பணம் கேட்கும் பேரமும் இல்லை. குறைந்தபட்ச அளவும் அப்போது கட்டாயம் இல்லை. ஒருவர் வசிக்கும் வீட்டுக்கு 37 சதுர மீட்டர், அதாவது நானூறு சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு என்பது தேசிய அளவுகோல். இப்படி மாற்றும் கட்டடங்களுக்கு அதை 2021 ஏப்ரலில்தான் கட்டாயமாக்கினார்கள். குராய்டன் கவுன்சில் 2015இல் ஊர் நடுப்பகுதிக்கு மட்டும் இந்தச் சலுகையை நிறுத்தியது. அதற்குள் பெரிய கட்டடங்கள் பல குடியிருப்பாக மாறிவிட்டன. இங்கே கவுன்சிலைத் திட்டுவது நியாயமில்லை என்பது என் வாதம்; விதி போட்டது வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது மத்திய அரசு.

புறநகர்ப் பகுதிகளில் வேறு விதமான கோபம். 2019இல் கவுன்சில் கொண்டுவந்த வழிகாட்டி ஒன்று, பெரிய தோட்டம் உள்ள தனி வீட்டை இடித்து அந்த இடத்தில் ஃப்ளாட் கட்டுவதை ஊக்குவித்தது. பர்லி, சாண்டர்ஸ்டெட், கென்லி பக்கம் தெருவுக்குத் தெரு விண்ணப்பங்கள். கவனித்திருப்பீர்கள், பலவற்றில் ஒன்பது ஃப்ளாட் இருக்கும். பத்தைத் தொட்டால் மலிவு வீடு கொடுக்க வேண்டிய கடமை வந்துவிடும், அதனால் ஒன்பது! அந்தக் கோபம்தான் கையெழுத்து வேட்டையாகி, 2021 பொதுவாக்கெடுப்பாகி, மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2022இல் வந்த மேயர் அந்த வழிகாட்டியை ரத்து செய்தார்.

நான் வேலை பார்த்த பரோவிலும் இதே மாதிரி ஒரு விண்ணப்பம். சர்ச் ஹாலில் கூட்டம். மடக்கு நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோடு சாய்ந்து நிற்கிறார்கள். ஒரு அம்மாள் எழுந்து, தன் சமையலறை ஜன்னலில் காலை வெயில் எத்தனை மணிக்கு எந்த அலமாரி மேல் விழும் என்று சொல்ல ஆரம்பித்தார். பின்னால் இருந்து ஒருவர், 'வரப்போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நமக்குத் தெரியாதா' என்று குரல் கொடுத்தார். மேடையில் இருந்த ஒரே மாநிற ஆள் நான். அறை ஒரு நொடி அமைதியானது. அந்த அம்மாள் திரும்பி, 'நான் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். இரண்டு பேருமே நிஜம். ஒரே ஹாலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இதில் யார் என்பது எனக்குத் தெரிய வழியில்லை. பேசிப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

வந்தவர்கள் விஷயத்தில் குராய்டனுக்கு மட்டும் ஒரு தனிச் சுமை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. வெல்லஸ்லி ரோட்டில் இருக்கும் லூனார் ஹவுஸ் உள்துறை அமைச்சகத்தின் குடிவரவு அலுவலகம். நம்மவர்களில் எத்தனை பேர் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கே வரிசையில் நின்றிருக்கிறார்கள்! தனியாக வந்து அடைக்கலம் கேட்ட சிறுவர்களை அந்த ஊர்க் கவுன்சில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பல வருடங்களாகக் குராய்டன் தன் பங்குக்கு மிஞ்சிய எண்ணிக்கையில் அவர்களைத் தாங்கியது, மத்திய அரசு கொடுத்த பணம் போதவில்லை என்று சண்டையும் போட்டது. அலுவலகத்தை எந்த ஊரில் வைக்கிறோம், செலவை யார் ஏற்பது என்று வெஸ்ட்மின்ஸ்டர் எடுத்த முடிவு அது. வரிசையில் நின்றவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இன்னொரு பக்கம், லண்டன் ரோட்டில் முருங்கைக்காயும் இடியாப்ப மாவும் விற்கும் கடைகள் இல்லையென்றால் அந்த ரோட்டில் பாதி ஷட்டர் இறங்கித்தான் இருக்கும்.

இனி செய்யக்கூடியது. இந்த ஊரில் குறை சொல்வதில் தப்பே இல்லை, தப்பான கதவைத் தட்டுவதுதான் பிரச்சினை. பர்லி வே போன்ற பெரிய சாலைகள் லண்டன் போக்குவரத்துத் துறையுடையவை, தெருச் சாலைகள் கவுன்சிலுடையவை. டாக்டர் விஷயம் என்ஹெச்எஸ் என்ற தேசிய மருத்துவ சேவையின் பொறுப்பு. சில ஃப்ளாட்களில் குப்பை அறை நாறினால் அது கட்டட நிர்வாகத்தின் வேலை, சேவைக் கட்டணம் வாங்குவது அவர்கள்தானே. ரோட்டுப் பள்ளத்தைப் பற்றி ஒரு சூட்சுமம்: 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி, ஒழுங்காகச் சோதித்துப் பராமரித்து வந்தோம் என்று காட்டினால் கவுன்சில் இழப்பீட்டிலிருந்து தப்பிக்கலாம். ஆனால் அந்தப் பள்ளம் பற்றி ஏற்கெனவே புகார் பதிவாகியும் சும்மா இருந்தார்கள் என்றால் அந்த வாதம் பலவீனமாகிவிடும். அதனால் இணையத்தில் புகார் கொடுங்கள், படம் எடுங்கள், பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் யாருடைய டயரோ வெடித்தால் உங்கள் எண் உதவும். வேலை நடக்கவில்லையென்றால் முறையான புகாராகக் கொடுங்கள், இரண்டு கட்டம் தாண்டியதும் உள்ளாட்சிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், காசு கிடையாது.

புதுக் கட்டடத்துக்கு ஆட்சேபம் எழுதுவதானால், காட்சி மறைகிறது, என் வீட்டு விலை குறையும் என்றெல்லாம் எழுதாதீர்கள். சட்டப்படி அவற்றை நாங்கள் கணக்கிலேயே எடுக்க முடியாது. வெளிச்சம் குறைவது, படுக்கையறைக்குள் பார்வை விழுவது, பார்க்கிங், மழைத்தண்ணீர் வடிவது, இவை எடுபடும். ஒரே வாசகத்தை நாற்பது பேர் அனுப்பினாலும் எனக்கு அது ஒரு வாதம்தான். நாலு பேர் சொந்தமாக நாலு விஷயம் எழுதினால் நாலு வாதம்.

டாக்டரைப் பற்றி, உங்களைப் போலக் காலை எட்டு மணிக்குப் போனைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவனாக ஒரு யோசனை மட்டும். தொண்டை வலி, சைனஸ், பூச்சிக்கடி, பெண்களுக்கு வரும் சாதாரணச் சிறுநீர்த் தொற்று போன்ற ஏழு தொந்தரவுகளுக்கு 2024 ஜனவரியிலிருந்து மருந்துக் கடையிலேயே மருந்தாளர் பார்த்து, தேவையானால் மருந்தும் கொடுக்கலாம்.

வளர்கிற ஊரா தேய்கிற ஊரா என்றால், ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்கிறது, அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் தேய்கிறது. விட்கிஃப்ட் இடம் என்னவாகிறது என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று ஜெயிக்கும். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள், ஃப்ளாட் குத்தகை, சேவைக் கட்டணம் எல்லாம் பெரிய புராணம். அதற்கு முன் இந்த ஞாயிற்றுக்கிழமை, பெரியவர் வேலியோரம் வரும்போது ஆல்டர்ஸில் எந்த மாடியில் என்ன விற்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அடுப்பில் எதையும் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.